இரண்டு லயன்களும் ஒரு குளிர்ப்பெட்டியும்

மலையகத் தமிழில் ‘லயன்’ என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. மற்றது, சிங்கத்தின் பெயரைத் தாங்கிய பியர் போத்தல். முன்னது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பின்னது சிங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லேதான். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பதுளையில் ஒருவர் ‘லயனுக்குப் போகிறேன்’ என்றால் வீட்டுக்குப் போகிறார் என்று கொள்ள வேண்டும். ‘ஒரு லயன் வாங்கி வா’ என்றால் கதை வேறு.

இந்த இரண்டு லயன்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மலைத்தொடரில் தோன்றியவை. மத்திய மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த 1840களில்தான் நுவரெலியாவில் முதன்முதலாகப் பியர் காய்ச்சப்பட்டது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, ஒரு லயனில் வாழ்ந்தவர் மற்ற லயனைச் சுவைத்தது அரிது. விலை, நிறபேதம், சட்டம் என்று இதற்குக் காரணங்கள் பல கூறலாம். அவை அனைத்துக்கும் அடியில், வரலாற்று நூல்கள் அதிகம் கவனியாத இன்னொரு காரணமும் இருந்தது. அது குளிர். குளிரை யார் தம் வசம் வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்கான விடையே, மலையகத்தில் யார் எதைக் குடித்தார்கள் என்பதையும் பெருமளவில் தீர்மானித்தது.

இன்று பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வாங்கிச் சிறிது மாற்றியமைத்தால், பீப்பாய்ப் பியரைக் குளிரக் குளிர ஊற்றித் தரும் இயந்திரம் தயாராகிவிடுகிறது. 175 ஆண்டுகளுக்கு முன்னர் இதற்கு ஒரு மலையே தேவைப்பட்டது. மலையிலிருந்து பெட்டி வரையிலான அந்தப் பயணத்தை ஊவாவின் பக்கமிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பியர் என்பது முளைகட்டிய வாற்கோதுமையை ஊறவைத்துப் பெறும் இனிப்பு நீரில் நொதியத்தைச் சேர்த்துப் புளிக்கவைத்த பானம். ஆங்கிலேயரின் பழைய வகைப் பியருக்கான நொதியம் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நன்கு வேலை செய்யும். ஜெர்மானியரின் லாகர் வகைக்கு அதனிலும் குளிர் வேண்டும். 10 பாகை அளவில் புளிக்கவைத்து, பின்னர் உறைநிலைக்கு அண்மையில் பல வாரங்கள் கிடத்தி வைப்பார்கள். வெப்பம் 30 பாகையை நெருங்கினால் சுவை கெட்டுவிடும். வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகிப் பீப்பாய் முழுவதும் புளித்துப்போகும். ஆண்டு முழுவதும் 27, 28 பாகையில் இருக்கும் கொழும்பில், குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் நல்ல பியரைக் காய்ச்சுவது நடவாத காரியம்.

ஆகவே ஆங்கிலேயர் எங்கெல்லாம் மலைவாசத் தலங்களை அமைத்தார்களோ அங்கெல்லாம் பியர் ஆலைகளும் எழுந்தன. இமயமலை அடிவாரத்தில் கசௌலி, இன்றைய பாகிஸ்தானில் 1860இல் தொடங்கப்பட்ட மரீ ஆலை, தமிழகத்தில் நீலகிரி, இலங்கையில் நுவரெலியா என்று இந்த வரிசை நீளும். இவை யாவும் துரைமார் உடல்நலம் தேடிச் சென்ற இடங்கள் மட்டுமல்ல. நொதியத்துக்கும் அங்கேதான் உடல்நலம் இருந்தது.

நமது கள்ளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தென்னையிலோ கித்துளிலோ காலையில் இறக்கிய பதநீர், சுண்ணாம்பு தடவாத முட்டியாயின் மாலைக்குள் கள்ளாகிவிடும். மறுநாள் அது கடுக்கும். அதற்கும் பின்னர் காடிதான். குளிர் இல்லாத நாட்டில் புளித்த பானத்தை வைத்துக் காக்க முடியாது, தூர இடத்துக்கு அனுப்பவும் முடியாது. அதைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. குளிர் நாட்டார் தம் பானத்தைக் குளிரால் காத்தார்கள். வெப்ப நாட்டார் நெருப்பால் காத்தார்கள். இந்த வேறுபாடே பின்னர் தோட்டங்களில் இரு வேறு குடிப்பழக்கங்களாக வேரூன்றியது.

நுவரெலியாவில் பியர் காய்ச்சியவராக அறியப்படுபவர் சாமுவேல் பேக்கர். 1864இல் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு அதற்குப் பெயரிட்ட அதே நாடுகாண் பயணிதான். அதற்கு முன்னர், 1848 முதல் 1855 வரை அவர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முயன்றார். இங்கிலாந்திலிருந்து பண்ணை வேலையாட்கள், கொல்லர், மாடுகள், ஆடுகள், வேட்டை நாய்கள் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கனவுக் கிராமத்தின் ஓர் அங்கமே பியர். இன்றைய லயன் நிறுவனம் தன் மரபை 1849 வரை பின்னோக்கிக் கொண்டுசெல்கிறது. வர்த்தக அடிப்படையிலான ஆலை 1881இல் உருவானது. லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சியின் அடிவாரத்தில் அது அமைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆலைக்கு வேண்டிய வாற்கோதுமை மால்ட் கடல் கடந்து வந்தது. கசப்புச் சுவையைத் தரும் ஹொப்ஸ் பூவும் கடல் கடந்து வந்தது. மலை கொடுத்தவை நீரும் குளிரும் மட்டுமே. அவற்றோடு சேர்ந்தது மனித உழைப்பு.

அந்த உழைப்பில் நம்மவர் பங்கு எத்தகையது? மலைநாட்டுச் சாலைகளை வெட்டியவர்களிலும், பின்னர் புகையிரதப் பாதைக்கு மலையைக் குடைந்தவர்களிலும் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் தலைமுறை அது. அவர்கள் போட்ட பாதைகளில் மாட்டு வண்டிகள் கோப்பியைக் கீழே கொண்டுசென்றன. திரும்பி வருகையில் அரிசியையும் துரைமாருக்கான பெட்டிகளையும் பீப்பாய்களையும் மேலே ஏற்றிவந்தன.

பதுளை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்தில். இரண்டுக்கும் இடையே வெலிமடை வழியாக 60 கிலோமீற்றர் அளவு தூரமே எனினும், வெப்பநிலையில் ஏழு, எட்டுப் பாகை வேறுபாடு உண்டு. ஆதலால் ஊவாவின் தலைநகரம் பியரைப் பொறுத்தவரை எப்போதும் வாங்கும் ஊராகவே இருந்தது.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்த நாள் 1924 ஏப்ரல் 5. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையிலான குறுகிய தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. தெமோதரையின் வளைவுப் பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் காரணம் புரியும்.

பாதை வந்தால் கழகமும் வரும். இன்று பண்டாரவளை ஹோட்டல் என்று அறியப்படும் கட்டடம் 1893இல் தோட்டத் துரைமாரின் கழகமாகத் தொடங்கியது. இத்தகைய கழகங்களில் ஆசியர்கள் உறுப்பினராக முடியாது. பணியாளாக உள்ளே போகலாம், பீப்பாயைத் தூக்கிச் செல்லலாம், கிண்ணத்தைக் கழுவலாம். அதற்கு மேல் இடமில்லை.

லயன் அறையில் இருந்தவருக்குத் திறந்திருந்த கதவு தவறணை. சாராயம் விற்கும் உரிமையைக் காலனித்துவ அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. அது அரசின் பெரும் வருமானங்களுள் ஒன்று. நாணயக் கூலி பெறும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியிருந்த தோட்டப் பிரதேசங்களே அதற்கு மிகச் சிறந்த சந்தை. சாராயக் குத்தகையில் திரண்ட பணமே இலங்கையின் உள்ளூர் முதலாளி வகுப்புக்கு ஆரம்ப மூலதனமாயிற்று என்பதைப் பேராசிரியர் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். கொழும்பின் பல மாளிகைகளின் அத்திவாரத்தில் மலையகத் தவறணைகளின் சில்லறைக் காசு இருக்கிறது.

1904இலும் 1912இலும் நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. 1912இன் மதுவரிச் சட்டம் பழைய முறையை மாற்றியது. இன்றளவும் நடைமுறையிலுள்ள மதுவரிச் சட்டம் அதன் வழி வந்ததே. எனினும் தோட்ட வாசலில் தவறணை நின்றது. அங்கே சாராயம் இருந்தமைக்கு ஒரு காரணம், அது கெடாது என்பதே. மாட்டு வண்டியில் பத்து நாள் வந்தாலும், வெயிலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. குளிர் வேண்டாத மது, குளிர் இல்லாத மனிதருக்கு வந்து சேர்ந்தது. அதன் கடுமையையும் சேர்த்தே அவர்கள் விழுங்க வேண்டியிருந்தது. சம்பள நாள் மாலையில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் குடித்தவர்கள் அல்லர். கொழுந்து பறித்துவிட்டு அடுப்படியில் காத்திருந்த பெண்கள்.

இதற்கிடையில் மலைக்கு வெளியே குளிரின் வரலாறு திசை மாறிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குளிர் ஒரு கப்பல் சரக்கு. அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ரூடர் என்பாரின் நிறுவனம் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், 1842இல் அந்தப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான்.

பனிக்கட்டியை இயந்திரத்தால் செய்யலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் நமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் ஹரிசன், அச்செழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது அவை சில்லிட்டுப் போவதைக் கவனித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நீர்மம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை மீண்டும் அமுக்கி நீர்மமாக்கினால் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இந்தச் சுழற்சியைப் பயன்படுத்தி 1850களில் அவர் பனிக்கட்டி இயந்திரம் செய்தார். அதனை விரும்பி ஏற்றவை பியர் ஆலைகள். 1870களில் ஜெர்மனியில் கார்ல் லிண்டே தமது குளிரூட்டும் இயந்திரங்களை உருவாக்கியபோதும் பணம் கொடுத்து ஊக்குவித்தவர்கள் பியர் ஆலைக்காரர்களே. இன்று நம் வீடுகளில் பாலையும் மருந்தையும் மீனையும் காக்கும் பெட்டியின் முன்னோடி, பியருக்காகவே வளர்க்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஹரிசனோ, 1873இல் உறைய வைத்த இறைச்சியை இலண்டனுக்குக் கப்பலில் அனுப்பும் முயற்சியில் தோற்றுப் பொருளிழந்தார்.

குளிர் இயந்திரமானதும் மலையின் தனியுரிமை முடிந்தது. நுவரெலியா ஆலை உடனே மூடப்படவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது. அதன் கறுப்புப் பியரான லயன் ஸ்டவுட்டை, பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் உலகறியப் பாராட்டினார். பாடகர் அல்லர், இவர் வேறு ஜாக்சன், 2007இல் காலமானார். கண்டியிலே ஒரு பியர் கடையில் ஸ்டவுட்டைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றியதையும் அவர் வியந்து எழுதினார். இங்கிலாந்திலேயே அருகிவந்த முறை கண்டியில் உயிரோடிருந்தது. கைப்பம்பு முறையில் பியர் வெளியேறும் இடத்தைக் காற்று நிரப்புகிறது. காற்றுப் பட்ட பியர் சில நாட்களில் கெட்டுவிடும். விரைவாக விற்றுத் தீரும் கடையாலும் மலைக் குளிராலும்தான் அது சாத்தியமாயிற்று.

1990களின் இறுதியில் பியர் தயாரிப்பு கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்குப் போயிற்று. துறைமுகம் பக்கம், சந்தை பக்கம், இயந்திரக் குளிர் கைவசம். பிறகு மலை எதற்கு? கணக்கின்படி அது சரியான முடிவுதான். ஆனால், மால்ட்டும் ஹொப்ஸும் கடலிலிருந்து மலைக்கு ஏறிய ஒரு காலம் முடிந்து, போத்தல்கள் கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறும் காலம் தொடங்கியது. மலை, தான் உற்பத்தி செய்த பொருளுக்கு வெறும் வாடிக்கையாளராகிவிட்டது.

இனி அந்த ஐஸ்கிரீம் பெட்டிக்கு வருவோம். எல்ல நகரம் இன்று வெளிநாட்டுப் பயணிகளால் நிறைந்திருக்கிறது. அங்கே மதுபான அனுமதிப்பத்திரம் பெற்ற சிறிய உணவகம் ஒன்றில், பீப்பாய்ப் பியருக்கான விலையுயர்ந்த இறக்குமதி இயந்திரத்துக்குப் பதிலாக, மேல்மூடி கொண்ட பழைய உறைகுளிர்ப்பெட்டியை மாற்றியமைத்து வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் பதுளையில் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கும் இளைஞர். பசறைப் பக்கத்துத் தோட்ட லயன் ஒன்றில் பிறந்தவர். ‘எப்படித் தம்பி செய்தீர்கள்?’ என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

இத்தகைய பெட்டியின் இயல்பு, உள்ளே இருப்பதை −18 பாகை வரை கொண்டுசெல்வது. பியரோ −2 பாகை அளவில் உறையத் தொடங்கிவிடும். அதற்கு வேண்டியது 3, 4 பாகை. ஆகவே முதல் வேலை, மின்சாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்துவது. அதன் உணர்கம்பி பெட்டிக்குள் இருக்கும். 4 பாகையை அடைந்ததும் மின்சாரம் நிற்கும். 6 பாகைக்கு ஏறினால் மீண்டும் ஓடும்.

இரண்டாவது வேலை குழாய் வாய்களைப் பொருத்துவது. ‘பெட்டியின் சுவரில் மட்டும் துளை போடக்கூடாது ஐயா, சுற்றிலும் காஸ் குழாய் ஓடுகிறது. ஒரு துளை தவறினால் பெட்டி இரும்புக்குத்தான் போகும்’ என்றார். ஆகவே மூடியைக் கழற்றி, பெட்டியின் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகைச் சட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல் மூடியை மீண்டும் பொருத்தியிருந்தார். குழாய் வாய்கள் அந்தப் பலகையினூடாக வெளியே வந்தன. பலகை உயர்த்தியதால் உயரமான உருக்குப் பீப்பாயும் உள்ளே நின்றது.

மூன்றாவது, அழுத்தம். கரியமிலவாயு சிலிண்டரிலிருந்து, அழுத்தமானி வழியாக, சதுர அங்குலத்துக்கு 10 முதல் 12 இறாத்தல் அழுத்தத்தில் வாயு பீப்பாய்க்குள் செல்கிறது. பியரைத் தள்ளுவதும் அதுவே. அதன் நுரையைக் காப்பதும் அதுவே. காற்றுப் படாததால் பியர் வாரக்கணக்கில் கெடுவதில்லை. பீப்பாயிலிருந்து வாய் வரை செல்லும் மெல்லிய குழாயை இரண்டு, மூன்று மீற்றர் நீளத்துக்குச் சுருட்டி வைத்திருந்தார். நீளம் குறைந்தால் பியர் பாய்ந்து வந்து கிண்ணம் முழுவதும் நுரையாகிவிடுமாம். குளிர்ந்த காற்று கீழே தங்கும், மேலே வெப்பம் நிற்கும் என்பதால் கணினியிலிருந்து கழற்றிய சிறு மின்விசிறி ஒன்றும் உள்ளே சுழன்றுகொண்டிருந்தது. மூடி மேலே திறப்பதால், திறந்தாலும் குளிர் வெளியே கொட்டிப்போவதில்லை. நின்ற நிலைப் பெட்டியைவிட இதனைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் கட்டியிருந்தார். கதவடைத்த சிறிய அறையில் கரியமிலவாயு கசிந்தால் மணமே தெரியாமல் ஆளைக் கொல்லும் என்பதால், அறைக்குக் கீழ்ப்பக்கமாகக் காற்றோட்டம் வைத்திருந்தார். இதை வாசித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க எண்ணும் நண்பர்கள் இதனை மனதிற்கொள்ள வேண்டும். அனுமதிப்பத்திரம் இன்றிப் பியர் காய்ச்சுவதும் விற்பதும் இலங்கையில் குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பேக்கருக்கு மலை செய்து கொடுத்ததை இந்த இளைஞர் ஒரு பெட்டிக்குள் செய்து வைத்திருக்கிறார். பாட்டன் துரையின் கழகத்துக்குப் பீப்பாய் தூக்கினார். பேரன் பீப்பாய்க்கான குளிரையே அமைத்துக் கொடுக்கிறார். இதனை முன்னேற்றம் என்று கொண்டாடலாம். ஆனால் கணக்கு அத்தோடு முடிவதில்லை.

தோட்டத் தேயிலைத் தொழிற்சாலைகள் நீர்விசையாலும் டீசலாலும் இயந்திரங்களை ஓட்டிப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரே லயன் அறைகளுக்கு மின்சாரம் வந்தது. பியரின் வரியும் விலையும் ஏறும்போதெல்லாம், எளிய குடிகாரன் கசிப்பின் பக்கம் சாய்கிறான் என்பதை மலையகச் செய்தியாளர் அனைவரும் அறிவர். 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், மதுசாரத்தின் அளவுக்கேற்ப வரி என்ற அடிப்படையில் பியரின் வரியைக் குறைத்தபோது, கடும் மதுவிலிருந்து மக்களை விலக்குவதே நோக்கம் என்று அரசு கூறியது. குடியைப் பெருக்கும் செயல் என்று எதிர்ப்பும் எழுந்தது. 2018 ஜனவரியில், பெண்கள் மது வாங்குவதற்கு 1979 முதல் இருந்த தடையை நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் அது மீளப்பெறப்பட்டது. நூறாண்டு காலம் தவறணைக்கான காசை உழைத்துக் கொடுத்த பெண்ணிடம், இந்த விவாதங்களில் எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் குளிரை வேறு விதமாகப் பயன்படுத்துகிறாள். ஊவாத் தோட்டங்களில் நான் சென்ற சில லயன்களில், தவணைக் கட்டணத்துக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் பெண்கள் ஐஸ் பக்கற் செய்து பாடசாலைப் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். சிலர் தயிர் வைக்கிறார்கள். சந்தை நாளில் வாங்கிய மீனை மூன்று நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது. பியர் ஆலைக்காரரின் தேவைக்காகப் பிறந்து, துரையின் கழகத்தில் இடம்பிடித்த குளிர், ஒன்றரை நூற்றாண்டு கழித்து லயன் வீட்டு மூலைக்கு வந்திருக்கிறது. மாத முடிவில் மின்கட்டணம் கட்ட முடிந்தால் அது அங்கேயே இருக்கும்.